வாலிலிருந்து எண்ணுங்கள்: நீளமான போலிஷ் பெயரடைகளைச் சொல்லிப் பழக ஒரு வழி

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு பெங்களூர் அல்சூரில் என் வீட்டு மாடி அறைக்கு மூன்று பேர் போலந்து மொழியான போலிஷ் படிக்க வருகிறார்கள். ஒருவர் தர்மபுரித் தம்பி, வெல்டிங் வேலைக்காக அந்நாட்டு க்தான்ஸ்க் நகருக்குப் போகக் காத்திருக்கிறார். இன்னொருவர் ஓசூர்க்காரப் பெண், நர்சிங் முடித்தவர். மூன்றாவது பையனுக்கு மேல்படிப்பு. மூன்று பேருக்கும் நான் அக்கா. ஏ, பி, சி கற்றுக்கொண்டு, ‘நன்றி’, ‘எவ்வளவு’ எல்லாம் தாண்டி, நாலாவது வாரத்தில் ஒரு சொல்லைப் பலகையில் எழுதினேன். ‘தென்னிந்திய’ என்பதற்கான போலிஷ் சொல். அங்கே போனதும் இட்லியைப் பற்றி யாரிடமாவது விளக்க வேண்டிவரும், அதனால் முதலிலேயே தெரிந்திருக்கட்டும் என்று.

பொவுத்ஞொவொஇந்திய்ஸ்கி.

போலிஷ் எழுத்தில் 18 எழுத்து. தம்பி கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல எங்க மூச்சு விடணும்?” என்று கேட்டார். சரியான கேள்வி. பதில்: எங்கேயும் விடக் கூடாது. மூச்சு விட்டதால் நான் ஒருமுறை நூல் வாங்காமல் திரும்பி வந்திருக்கிறேன்.

போலந்தின் வ்ரொத்ஸ்வாஃப் நகரில் நான் இருந்த மூன்று வருஷத்தில் முதல் குளிர்காலம் அது. தொப்பி பின்ன இளநீல நிறத்தில் கம்பளி நூல் வேண்டும். வீட்டிலேயே சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போனேன். இளநீலம் ‘யஸ்னொஞெபியெஸ்கி’, நூல் அங்கே பெண்பால் என்பதால் ‘யஸ்னொஞெபியெஸ்க’. கடைக்கார அம்மா ஒரு நூலை எடுத்து நீட்டி இதுவா என்று பார்த்தார். அதுதான். நான் ‘யஸ்னொ’ என்று பலமாக ஆரம்பித்து, மீதி ஞாபகம் வருவதற்காக ஒரு நொடி நின்று, ‘ஞெ…’ என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நூலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். ‘யஸ்னொ’ தனியாக வந்தால் ‘தெளிவாக’. ‘ஞெ’ தனியாக வந்தால் ‘இல்லை’, ‘வேண்டாம்’. தெளிவாக வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். வெளியே மைனஸ் எட்டு டிகிரி, தலையில் தொப்பி இல்லை.

இப்போது பெங்களூரில் எனக்கு வேலையே இதுதான். எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளுக்காகப் போலிஷ் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று குறிப்பது. ஆகவே இந்த வழியைத் தினமும் பயன்படுத்துகிறேன். மாணவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். அழுத்தம் விழும் அசையைச் சதுர அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.

விதி ஒரு வரியில் முடிந்துவிடும். போலிஷில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். பக்கத்து நாட்டுச் செக் மொழியில் முதல் அசையில். ரஷ்ய மொழியில் எங்கே வேண்டுமானாலும், சொல்லுக்குச் சொல் மாறும். போலிஷ்காரர்கள் கடைசிக்கு முந்தையதை எடுத்துக்கொண்டார்கள். சொல் இரண்டு அசையோ இருபது அசையோ, வாலிலிருந்து இரண்டாவது. அவர்கள் காதுக்கு அது ஒரு மணியோசை மாதிரி: ‘இன்னும் ஒரே அசை, சொல் முடியப்போகிறது’. நான் ‘யஸ்’ என்று அழுத்தியதும் கடைக்கார அம்மாவுக்கு மணி அடித்துவிட்டது. ‘னொ’ வந்தது, சொல் முடிந்தது. அதன்பின் நான் சொன்னது வேறு சொல். அவர் மேல் தப்பே இல்லை.

விதி இவ்வளவு எளிது என்றால் கஷ்டம் எங்கே? எண்ணுவதில். எவை அசை என்று தெரியாமல் வாலிலிருந்து எண்ண முடியாது.

இங்கே ‘அசை’ என்று சொல்வதை யாப்பு அசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் நிரையசைக்குள் இரண்டு உயிர் இருக்கும். போலிஷில் ஓர் உயிருக்கு ஓர் அசை, அவ்வளவுதான். எழுத்தில் ஒன்பது உயிர்கள்: அ, எ, இ, ஒ, உ, ‘இ’க்கும் ‘உ’வுக்கும் நடுவில் ஒலிக்கும் ஒய் எழுத்து, மேலே கீற்று வைத்த ஓ, ஆங்கில ஏ, ஈ எழுத்துகளுக்கு வால் தொங்கவிட்ட இரண்டு. கீற்று வைத்த ஓவும் ‘உ’ என்றேதான் ஒலிக்கும். ஒய் எழுத்துக்கு, ‘வீடு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் உகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அந்தப் பக்கம். நான் வசதிக்காக இகரம் போட்டே எழுதுகிறேன். எல்லாமே குறில். நெடில் என்ற சங்கதியே அந்த மொழியில் கிடையாது.

உயிரை எண்ணினால் போதும் என்றால், ‘தென்னிந்திய’ச் சொல்லில் எட்டு உயிரெழுத்து இருக்கிறது. ஆனால் அசை ஏழுதான். ஒன்று எங்கே போனது?

போலிஷ் ‘இ’க்கு மேலே ஒரு புள்ளி இருக்கிறது. தமிழ்க் கண்ணுக்குப் புள்ளி என்றால் உயிர் இல்லை என்று அர்த்தம். பாதி இடங்களில் அந்த அர்த்தமே சரியாக வரும்! ஒரு மெய்க்கும் இன்னோர் உயிருக்கும் நடுவில் ‘இ’ மாட்டிக்கொண்டால் அது அசையாகாது. முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கிவிட்டுத் தான் மறைந்துவிடும். ன-இ-ஒ என்று எழுதியிருந்தால் ‘னி-ஒ’ அல்ல, ‘ஞொ’. ஓர் அசை. ன-இ-எ என்றால் ‘ஞெ’. ப-இ-எ என்றால் ‘பியெ’, அதுவும் ஓர் அசைதான். அதே ‘இ’க்குப் பின்னால் மெய் வந்தாலோ சொல் முடிந்தாலோ, அது முழு உயிர், முழு அசை.

இதை விளக்க நான் கையில் எடுப்பது குற்றியலிகரத்தை. ‘குழலினிது யாழினிது’ என்ற குறளைப் பத்தாம் வகுப்பில் அலகிட்டிருப்பீர்கள். புணர்ந்து ‘குழலினி தியாழினி’ என்று ஆகும்போது அந்தத் ‘தி’யில் இருக்கும் இகரத்தை எழுதுகிறோம், ஆனால் அலகிடும்போது கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் தளை கெட்டுவிடும். போலிஷ் ‘ஞொ’வில் இருக்கும் ‘இ’க்கும் அதே நிலைமை: எழுத்தில் உண்டு, எண்ணிக்கையில் இல்லை. “பரீட்சைக்கு அப்புறம் இது எதுக்காவது உதவும்னு நினைக்கவே இல்லக்கா” என்றார் தம்பி. வகுப்பு முடிந்து ஏரிக்கரை வழியாகத்தான் போவார். 1991-லிருந்து சாக்கு மூடிக் கிடந்து 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை அங்கே இருக்கிறது. ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

சரி, பலகைச் சொல்லுக்கு வருவோம். அதில் மூன்று ‘இ’ இருக்கிறது, மூன்றையும் விசாரிக்க வேண்டும். முதலாவது, ன-இ-ஒ: நடுவில் மாட்டியது, கணக்கில் இல்லை. இரண்டாவது, ‘இந்திய்’யின் தொடக்கம்: முன்னால் இருப்பது ‘ஒ’ என்ற உயிர், பின்னால் மெய், ஆகவே முழு அசை. மூன்றாவது, சொல்லின் கடைசி: முழு அசை. கூட்டிப் பார்த்தால்:

பொ · வுத் · ஞொ · வொ · இந் · [திய்] · ஸ்கி

ஏழு. வாலிலிருந்து இரண்டாவது ‘திய்’.

இதில் ‘ஸ்’ யாருக்குச் சொந்தம், ‘திய்’யோடு சேருமா ‘கி’யோடு சேருமா என்று ஓசூர்ப் பெண் கேட்டார். எப்படி வேண்டுமானாலும் பிரியுங்கள். போலிஷ் எழுத்து விதியே பல இடங்களில் இரண்டையும் அனுமதிக்கிறது. ‘ஞெபியெஸ்-கி’ என்றும் வரியை உடைக்கலாம், ‘ஞெபியெ-ஸ்கி’ என்றும் உடைக்கலாம். மெய் எந்தப் பக்கம் போனாலும் உயிரின் எண்ணிக்கை மாறாது, அழுத்தமும் நகராது. வரி உடைக்கும்போது முக்கியமாகச் செய்யக் கூடாதது இரண்டு. ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து ஜோடியாக நின்றால் ஜோடியைப் பிரிக்கக் கூடாது. மென்மையாக்கும் ‘இ’யை அடுத்த உயிரிலிருந்து பிரிக்கக் கூடாது. கூட்டுச் சொல்லில் இரண்டு சொற்களும் தைத்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கேயே உடைப்பது அழகு. பேசும்போது இது எதையும் நினைக்க வேண்டாம்.

இனி வாயால் பழகுவது. முன்னாலிருந்து ஆரம்பித்தால் தலையில்தான் அடிப்பீர்கள், நம் வாய்ப்பழக்கம் பெரும்பாலும் அப்படி. பாதி வருவதற்குள் மூச்சும் தீர்ந்துவிடும், முக்கியமான இடத்துக்கு வரும்போது குரல் தேய்ந்திருக்கும். அதனால் வாலைப் பிடித்து ஏற வேண்டும்:

ஸ்கி
[திய்]ஸ்கி
இந்[திய்]ஸ்கி
வொஇந்[திய்]ஸ்கி
ஞொவொஇந்[திய்]ஸ்கி
வுத்ஞொவொஇந்[திய்]ஸ்கி
பொவுத்ஞொவொஇந்[திய்]ஸ்கி

ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை சொல்லுங்கள். முன்னால் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டே போகிறீர்கள், அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏழாவது வரிக்கு வரும்போது ‘திய்’யில் வாய் தானாக எழும்பும். நீளச் சொல்லில் முதல் அசையில் ஒரு மெல்லிய துணை அழுத்தமும் உண்டு, இங்கே ‘பொ’வில். அதை நீங்கள் முயன்று போட வேண்டாம். தமிழ் வாய் அதை இலவசமாகவே போட்டுவிடும், கொஞ்சம் குறைத்தால் போதும்.

‘அழுத்துங்கள்’ என்று சொன்னதும் எல்லாரும் செய்யும் தப்பு, நீட்டுவது. ‘தீய்ஸ்கி’ என்று ஆகிவிடுகிறது. அழுத்தம் வேறு, நீட்டம் வேறு. குறிலைக் குறிலாகவே வைத்துக்கொண்டு குரலை மட்டும் சற்று எழுப்புங்கள். ஆள் கூட்டத்தில் ஒருவர் அரை அடி எக்கிப் பார்ப்பது போல, அவ்வளவுதான். என் வகுப்பில் மேசையில் விரலால் தட்டச் சொல்வேன்: எல்லா அசைக்கும் ஒரே இடைவெளி, ஆறாவது தட்டு மட்டும் சற்று பலமாக. இடைவெளி கூடினால் நீட்டிவிட்டீர்கள் என்று மேசையே சொல்லிவிடும்.

மேசை இல்லாதவர்களுக்கு நம்ம மெட்ரோ இருக்கிறது. ஊதா தடத்தில் அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கினால், ஏறும் இடத்தையும் சேர்த்து ஏழு ஸ்டேஷன். தற்செயல்தான், ஆனால் விட மனம் வருமா? அல்சூர் ‘பொ’. டிரினிட்டி ‘வுத்’. எம்.ஜி. ரோடு ‘ஞொ’. கப்பன் பார்க் ‘வொ’. விதான சௌதா ‘இந்’. சென்ட்ரல் காலேஜ் ‘திய்’. மெஜஸ்டிக் ‘ஸ்கி’. மெஜஸ்டிக்கில் இறங்க வேண்டியவர்கள் சென்ட்ரல் காலேஜ் வந்ததுமே பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் எழுந்து நிற்பார்கள் இல்லையா, அந்த எழுச்சிதான் அழுத்தம். அடுத்தது இறங்குமிடம் என்ற அறிவிப்பு.

இந்த உதாரணத்தை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணம், வேற்றுமை உருபு. போலிஷில் பெயரடையும் பெயரோடு சேர்ந்து உருமாறும். ‘தென்னிந்திய’ நண்பரின் என்று போகும்போது ‘ஸ்கி’ என்பது ‘ஸ்கியெகொ’ ஆகும். இதுவரை முழு உயிராக இருந்த கடைசி ‘இ’க்குப் பின்னால் இப்போது ‘எ’ வந்துவிட்டது. ஆகவே அது குற்றியலிகரக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. ‘ஸ்கியெ’ ஓர் அசை, ‘கொ’ ஓர் அசை. மொத்தம் எட்டு:

பொ · வுத் · ஞொ · வொ · இந் · திய் · [ஸ்கியெ] · கொ

அழுத்தம் ‘திய்’யை விட்டு நகர்ந்துவிட்டது. மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் தள்ளி, சங்கொள்ளி ராயண்ணா ரயில் நிலையத்தில் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சென்ட்ரல் காலேஜில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், மெஜஸ்டிக்கில்தான் எழுவார்கள். இறங்குமிடம் மாறினால் எழுந்திருக்கும் இடமும் மாறும். அழுத்தத்தைச் சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்யாதீர்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான். ஒவ்வொரு தடவையும் வாலிலிருந்து எண்ணுங்கள். முதல் மாதம் மெதுவாக இருக்கும், அப்புறம் எண்ணுவதே தெரியாது.

பெண்பாலில் ‘ஸ்க’ என்று முடியும்போது அசை கூடவில்லை, அதனால் அழுத்தம் ‘திய்’யிலேயே நிற்கும். ‘தென்னிந்திய உணவகத்தில்’ என்று சொல்லும்போது வரும் ‘ஸ்கியெய்’ வடிவமும் ஓர் அசைதான், அங்கேயும் ‘திய்’. பார்க்க நீளமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

வயதைச் சொல்லும் பெயரடைகள்தான் உண்மையான மலையேற்றம். ‘இருபத்தைந்து வயதான’ என்பது ஒரே சொல்:

த்வு · ஜெ · ஸ்தொ · பியெஞ் · ச்சொ · [லெத்] · ஞி

‘இருபது’, ‘ஐந்து’, ‘வயது’ மூன்றையும் உருமாற்றி ஒட்டியிருக்கிறார்கள். தனியாக நிற்கும்போது இருபதும் ஐந்தும் வேறு மாதிரி இருக்கும். எழுதும்போது பெரும்பாலும் இலக்கத்தில் 25 போட்டு, ஒரு சிறுகோடு இட்டு, ‘லெத்ஞி’ சேர்த்துவிடுவார்கள். படிக்கிறவர்தான் மனதுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் பழக்கும் குரல் ஒருமுறை அந்தச் சிறுகோட்டைப் பார்த்து, இருபத்தைந்தைத் தனியாகவும் ‘லெத்ஞி’யைத் தனியாகவும் வாசித்துவிட்டது. ‘லெத்ஞி’ தனியாக வந்தால் ‘கோடைக்கால’ அல்லது ‘வெதுவெதுப்பான’. ஆக, செய்தி வாசிப்பில் இருபத்தைந்து வெதுவெதுப்பான ஓட்டுநர் கைதானார்.

இந்தச் சொல்லில் தமிழ் வாய் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று ‘லெத்ஞி’. ‘த்’துக்கும் ‘ஞி’க்கும் நடுவில் நமக்கு ஒரு உகரம் தானாக வழிந்து ‘லெத்துஞி’ ஆகிவிடும். இது சாதாரணத் தப்பு இல்லை. ஓர் அசை கூடிவிட்டது. அழுத்தம் ‘லெத்’தில் விழுந்தால் அது இப்போது கடைசிக்கு முந்தையதல்ல, அதற்கும் முந்தையது. எதிரே இருப்பவருக்கு மணி தப்பான இடத்தில் அடிக்கிறது. தமிழ்ச் செய்யுளில் ‘ரத்தினம்’ என்று பிரித்துச் சொல்வோம், பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா மகளை ‘ரத்னா’ என்று கூப்பிடுவார். ‘ரத்னா’வின் ‘த்ன’வைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் ‘த்வு’வும் அப்படியே, ‘துவு’ ஆகக் கூடாது. ‘ஸ்கி’க்கு முன்னால் ‘இஸ்கூல்’ இகரமும் வேண்டாம்.

இரண்டாவது ‘பியெஞ்ச்சொ’. எழுத்தில் அது வால் வைத்த ஈ. ‘ச்’ மாதிரியான ஒலிக்கு முன்னால் வரும்போது ‘எஞ்’ என்று ஒலிக்கும். நமக்கு ‘ஞ்’சுக்குப் பின் வரும் ‘ச’ தானாகக் குழைந்து ‘ஜ’ ஆகிவிடும், ‘பஞ்சு’ சொல்லிப் பாருங்கள். போலிஷில் அந்தச் ‘ச’ குழையாது. ‘பச்சை’யின் ‘ச்ச’ மாதிரி உறுதியாக நிற்க வேண்டும். ஆனால் இந்தப் பிழையால் அசை எண்ணிக்கை கெடாது, அழுத்தம் சரியாக இருந்தால் புரிந்துகொள்வார்கள். முதல் பிழையைத் திருத்தியபின் இதற்கு வரலாம்.

அதே வரிசையில் சேர வேண்டியது உடம்படுமெய். ‘வொஇந்’ என்று இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நம்மால் சும்மா இருக்க முடியாது. ஒரு ‘வ்’வைச் செருகி ‘வொவிந்’ என்போம். இலக்கணம் அப்படிப் பழக்கியிருக்கிறது. போலிஷில் எதையும் செருகாமல் இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும். ‘கருவிழி கொண்ட’ என்பதற்கு ஒரு சொல் உண்டு: ச்சர் · னொ · [ஒ] · கி. இரண்டு ஒகரம் பக்கத்தில் பக்கத்தில், இரண்டாவதில்தான் அழுத்தம். இதை ‘ச்சர்னோகி’ என்று ஒரே நெடிலாக்கினால் ஓர் அசை போய்விடும். அது பெரிய பிழை. ‘வ்’ செருகுவது சின்னப் பிழை. ஒரு விலக்கு: ‘ஐரோப்பிய’ என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் எ-உ இரண்டும் சேர்ந்து ‘எவ்’ என்று ஓர் அசையாக ஒலிக்கும். ‘மேற்கு ஐரோப்பிய’ என்பது ஃஸ · ஹொத் · ஞொ · எவ் · ரொ · [பெய்] · ஸ்கி. ஏழு.

துணிச்சல் உள்ளவர்களுக்கு, ‘தொண்ணூற்றொன்பது வயதான’:

ஜெ · வியெஞ்ச் · ஜெ · ஷெஞ் · ச்சொ · ஜெ · வியெஞ் · ச்சொ · [லெத்] · ஞி

பத்து அசை. வாலிலிருந்து ஏறினால் ‘லெத்ஞி’ ஏற்கெனவே பழகியது, அதற்கு முன்னால் எட்டுப் பெட்டி. ஓசூர்ப் பெண் இதை இருபது நிமிஷத்தில் பிடித்துவிட்டார். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தால் தினமும் தேவைப்படும் என்றார். பாட்டி என்றால் முடிவு ‘ஞி’ அல்ல, ‘ஞ’. அங்கே ‘இ’ மறுபடியும் எண்ணிக்கையை விட்டுப் போய்விடும், ஆனால் பின்னால் ஓர் அகரம் வந்திருப்பதால் மொத்தம் அதே பத்து.

சிறுகோடு போட்ட பெயரடைகள் வேறு ஜாதி. இதற்குச் சேலைதான் நல்ல உதாரணம். பச்சையும் நீலமும் கலந்து ஒரே நிறமாக, மயில் கழுத்து மாதிரி இருந்தால் போலிஷில் சேர்த்து எழுதுவார்கள்: ஃஜெ · லொ · னொ · ஞெ · [பியெஸ்] · கி. உடல் பச்சை, கரை நீலம் என்று இரண்டு நிறமும் தனித்தனியே தெரிந்தால் நடுவில் சிறுகோடு. அப்போது இரண்டு பாதியும் தன் தன் அழுத்தத்தை வைத்துக்கொள்ளும்: ஃஜெ · [லொ] · னொ – ஞெ · [பியெஸ்] · கி. முதல் பாதியில் சின்ன மேடு, இரண்டாவதில் பெரிய மேடு. போலந்துக் கொடியைச் சொல்லும் ‘வெள்ளை-சிவப்பு’ம் அப்படித்தான்: [பிய] · வொ – ச்செர் · [வொ] · னி. போலிஷ்–தமிழ் அகராதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் [பொல்] · ஸ்கொ – த · [மில்] · ஸ்கி. சரிசமமான இரண்டு பேர் என்றால் சிறுகோடு, இரண்டு மேடு. ஒருவர் இன்னொருவருக்கு அடைமொழி என்றால் ஒட்டு, ஒரே மேடு. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விதிவிலக்கு இல்லாத மொழி உண்டா என்று மேல்படிப்புப் பையன் கேட்டார். போலிஷிலும் விலக்கு உண்டு, ஆனால் பெயரடையில் அது உங்களைத் தொடாது. ‘கணிதம்’ என்ற பெயர்ச்சொல் ம · தெ · [ம] · தி · க, வாலிலிருந்து மூன்றாவது. சில இறந்தகால வினைகளிலும் நானூறு மாதிரி சில எண்களிலும் இப்படி உண்டு. ஆனால் ‘கணித’ என்று பெயரடை ஆனதும் ம · தெ · ம · [திச்] · னி, விதிக்குள் வந்துவிட்டது. இந்த விலக்குகள் எதுவும் பெயரடைக்குள் நுழைவதில்லை. நீளமாக இருந்தாலும் நம்பிக்கையானவை என்பதால்தான் நான் வகுப்பில் பெயரடைகளை முதலில் எடுக்கிறேன்; குட்டை வினைச்சொற்கள்தான் காலை வாரும்.

வீட்டில் செய்ய ஒரு காரியம்: போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துக் கேளுங்கள். உடனே கேட்டால் மனதில் இருப்பதுதான் காதில் விழும். கேட்கும்போது சொல்லைப் பார்க்காமல் அசையை மட்டும் விரல் விட்டு எண்ணுங்கள். காகிதத்தில் ஏழு, விரலில் எட்டு என்று வந்தால் எங்கோ ஓர் உகரம் வழிந்திருக்கிறது, பெரும்பாலும் ‘லெத்’துக்குப் பக்கத்தில்.

நூல் கடைக்கு நான் மறுபடி போனேன், மூன்று வாரம் கழித்து. அதற்குள் டிராமில் போகும்போதெல்லாம் ‘ஸ்க, பியெஸ்க, ஞெபியெஸ்க’ என்று வாலிலிருந்து முணுமுணுத்து, எதிர் இருக்கைக் குழந்தை என்னையே பார்க்கும் அளவுக்கு ஆகியிருந்தது. கடையில் அதே அம்மா. மூச்சை இழுத்துக்கொண்டு, நிற்காமல், யஸ் · னொ · ஞெ · [பியெஸ்] · க என்றேன். அவர் திரும்பி, அதே அலமாரியிலிருந்து அதே நூலை எடுத்து மேசையில் வைத்து, எத்தனை உருண்டை என்று கேட்டார். ‘த்வ’ என்றேன். இரண்டு. ஓரசைச் சொல், எங்கே அழுத்துவது என்ற கவலையே இல்லை.